மூன்றாம் ஓலைக்குச் சாயம்

சாயம் போடுவது பாவமில்லை. ஆனால் சாயம் கேட்டு வந்த தலைகளைத் தொட்டுத் தொட்டு எனக்கு மனிதர்கள்மேலேயே ஓர் அருவருப்பு வந்துவிட்டது. எல்லைப் போராட்டக் காலத்தில் பாறசாலையில் சலூன் வைத்திருந்தேன். வெளியே தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கோஷம் போகும். உள்ளே பொடுகும் பழைய எண்ணெய்ச் சிக்கும் பிடித்த தலைகள் என் கைக்குள் கிடக்கும். இரும்புச் சட்டியில் தேயிலைத் தண்ணீர் விட்டு ஊறவைத்த மருதாணியின் நாற்றம், சோறு பிசையும்போதும் விரலில் இருக்கும்.

ஆளுக்கு ஒரு கூட்டு. முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி இலைப் பொடி. அவுரி கூடினால் கறுப்பு, குறைந்தால் தவிட்டு நிறம். தாலுகா கச்சேரிக் குமஸ்தாவுக்கு மீசை மட்டும் போதும். காட்டாக்கடைச் சந்தைக்குப் போகும் மாட்டுத் தரகருக்குக் கிருதாவில் கொஞ்சம் நரையை விட்டுவைப்பேன். முழுக்கக் கறுத்தால் அவர் பேச்சை எவனும் மதிக்க மாட்டானாம். மருதாணியோடு நிறுத்திவிட்டால் நரைத்த தலை பழுத்த பாக்குபோலச் செம்மஞ்சளாகிவிடும்.

குளத்தூர்ப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் உள்ள பெரிய மனிதர் ஒருவர் வந்தார். வயது அறுபது தாண்டிவிட்டது. மனைவி இறந்து வருடம் திரும்பவில்லை, அதற்குள் பெண் பார்த்துவிட்டார். எங்கள் தேவாலயச் சபையிலேயே ஒரு கூலிக்காரரின் மகள், இருபதுகூட ஆகாதவள். சீதனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், பெரிய மனசு!

"எலே, கண்டவன் நாப்பத்தஞ்சுன்னு சொல்லணும். அப்பிடியொரு கறுப்பு உண்டா ஒனக்க கையில?" என்றார்.

உண்டு என்றேன். கழுத்து மடிப்பைத் துடைத்தபோது அழுக்கு உருண்டு வந்தது. அந்தக் கழுத்தை ஒரு சின்னப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, துடைத்த துணியைக் குப்பையில் எறிந்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பேர் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். முதல் ஓலை முடிந்த வாரம் பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்தார். நம் மண்ணை நம்மைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் யாராவது பேசினால் முன்னால் நின்று கைதட்டுகிறவர் அவர். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊரில் முதலில் சலூனுக்குத்தான் வருவார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்கும் முன்னே கொட்டிவிட்டேன்.

"அண்ணே, ஆளு உம்மைவிட மூத்தவராக்கும். அந்தக் கறுப்பு முழுக்க எனக்க சாயம்."

அவர் தரையைப் பார்த்தார். "அது அறியாமலா மக்கா? மழையில ஒழுகுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

வெளியே போய்க் காறித் துப்பினேன்.

மூன்றாம் ஓலைக்கு முன் வேர்க்கால்கள் வெளுத்துவிட்டன என்று பெரிய மனிதர் மறுபடி வந்தார். தலை முழுக்கப் புதிதாகப் போட வேண்டுமாம். பழைய சாயம் ஏறிய முடியை ஒட்ட வெட்டி எறிந்து, வெள்ளிக்கிழமை மருதாணி பூசி அனுப்பினேன். சனிக்கிழமை அவுரி பூச வேண்டும். அன்று கடையடைப்பு, சாலையில் போலீஸ் லாரி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். அடுக்களையில் வைத்தே பூசியிருக்கலாம். அவுரி குழைத்துத் தயாராகத்தான் இருந்தது.

"இன்னைக்குத் தொழில் செய்தா பயலுவ எனக்க கையை ஒடிப்பானுவ, மொதலாளி" என்றேன்.

போராட்டம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ஊர் அந்தத் தலையைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்த்தால் எவனாவது வாயைத் திறப்பான், அவள் தப்பிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாக்குத் தலையோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் சிரிப்பு. போதகர் மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டுத் தடை உண்டா என்று கேட்டார். அத்தனை பேரும் அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நான் எழும்பினேன்.

"வயசு, அய்யா."

"வயசு தடையில்ல. இரும்."

அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு தேங்காய் கொண்டுவருவது பற்றி.

ஆராதனை முடிந்ததும் பெரிய மனிதருக்குக் கை கொடுக்க வரிசை நின்றது. உள்ளே சிரித்தவர்களின் புருஷன்மார்தான் முதலில் நின்றார்கள். சாக்கடையைத் தாண்டுகிறவனைப்போல வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கிணற்றடியில் கல்யாணப் பெண் என்னை மறித்தாள். அழுது வீங்கிய முகம். எழும்பி நின்றதற்கு நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, கல்யாணத்துக்கு முந்தின நாளு நல்லாக் கறுப்பாக்கி விடுவியளா?" என்றாள். "அந்தத் தலைக்கப் பக்கத்துல நிக்கப்போறது நானாக்கும். எல்லாரும் சிரிக்கியது என்னைப் பாத்துத்தான்."

போட்டேன். அவுரியைக் கூட்டிக் குழைத்து, ஒரு மயிர் விடாமல் போட்டேன். கல்யாணத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.