கயல்விழியை நான் திரும்பி வரவைத்தேன்

நான் ஒரு காதல் நாவலின் முடிவை மாற்றிப் படித்தேன். அதைக் கேட்டுவிட்டு என் தம்பி மனைவி தேவி, தன் கையை முறித்த கணவனிடமே திரும்பி வந்தாள். அந்தக் கணவன் என் தம்பி. அவள் வர வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றினேன்.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று எண்ணிவிடாதீர்கள்... தெரிந்தே செய்தேன்! நாற்பத்தெட்டு வயதில், நிதானமாக யோசித்து, செல்போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு செய்தேன்.

எங்கள் வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. திருவொற்றியூருக்கும் ராயபுரத்துக்கும் இடையே பதினோரு பெண்கள். பாதிப் பேர் இறால் உரிப்பவர்கள், மீதிப் பேர் தையல் மெஷினில் குனிந்தே கிடப்பவர்கள். ஈரக் கையோடு யார் பக்கம் புரட்டுவது? அதனால் புத்தகம் ஒன்றே ஒன்று, அது என்னிடம். தினம் ஓர் அத்தியாயம் சத்தமாகப் படித்து, குரல் பதிவாக வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். வேலை செய்துகொண்டே கேட்பார்கள். ஞாயிறு மதியம் ராயபுரத்தில் ஷகிலாவின் தையல் கடையில் கூடிக் கதையை அக்குவேறு ஆணிவேறாக அலசுவோம். புத்தகத்தில் இருப்பதைத்தான் நான் படிக்கிறேனா என்று அதுவரை ஒருத்திகூடச் சந்தேகப்பட்டதில்லை.

அந்த நாவலின் பெயர் வேண்டாம். ஊரே படித்த நாவல்; எங்கள் வட்டத்தில் மட்டும் என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. நாயகி கயல்விழி, அவளை அடிக்கும் குடிகாரக் கணவன், பிறகு அவள் வாழ்வில் வருகிற சாந்தமான ஒரு கப்பல் பொறியாளர்... இறால் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அழுதவர்கள் எங்களில் உண்டு.

கதை பாதியில் இருந்தபோதுதான் என் தம்பி தேவியின் இடது மணிக்கட்டை முறித்தான். எதற்கு என்று கேட்காதீர்கள், அவன் அடிப்பதற்குக் காரணம் எப்போதும் இருந்ததில்லை. அவள் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மீஞ்சூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நல்லதுதான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்... நான்கு நாள்.

ஐந்தாம் நாள் எனக்கு அம்மா கனத்தாள்! பக்கவாதத்தில் மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. புரட்டுவது, துடைப்பது, மலம் அள்ளுவது எல்லாம் தேவி. நானோ மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்கிற திருமணமாகாத மகள். இப்போது அத்தனையும் என் தலையில் விழுந்தது. வருவதானால் ஒழுங்காக வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். எனக்குத் தேவி வேண்டியிருந்தது. அவள் மேலிருந்த பாசத்தாலா? இல்லை! அம்மாவின் படுக்கைத் துணியை அலச ஓர் ஆள்... அவ்வளவுதான்.

வட்டத்தில் தேவியும் ஒருத்தி; மீஞ்சூரில் இருந்தபடி என் பதிவுகளைத் தவறாமல் கேட்டுவந்தாள். கேட்டதற்கு அடையாளமாகக் குழுவில் ஒரு பூப்படம் போடுவாள். கயல்விழி வீட்டை விட்டு வெளியேறிய அத்தியாயத்துக்கு மட்டும் மூன்று பூ போட்டாள்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் கணவன் வாசலில் வந்து கெஞ்சுகிறான். கயல்விழி கதவைச் சாத்திவிடுகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கதவைத் திறந்துவிட்டேன்! அவன் அழுகிறான், அவள் மனம் இளகுகிறது, பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடக்கிறாள்... எல்லாம் என் சொந்தச் சரக்கு. ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். ஓரிடத்தில்கூட நாக்குப் பிறழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவியும் வந்திருந்தாள். கையில் மாவுக்கட்டு. மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்து மூலையில் உட்கார்ந்தாள். ஷகிலாதான் ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா இது அக்குருமம்? அட்ச்சவன்கிட்டயே மறுக்கா போறாளே, அவளுக்கு ரோசம் கீதா இல்லியா? நா கேட்டுகினு இருந்த கத இது இல்லக்கா!"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"வுட்டுட்டு போறது சுளுவு ஷகிலா. பொறுத்துக்கினு நின்னு ஒருத்தன மாத்தறா பாரு, அதான் காதல்னு எழுதிகீறாங்க" என்றேன்.

"கொண்டாக்கா அந்த புக்க. நானே எழுத்து கூட்டிப் பாக்கறேன்."

ரயிலில் தொலைத்துவிட்டேன் என்றேன். உண்மையில் அன்று காலையே குப்பை வண்டியில் போட்டிருந்தேன்.

தேவி மாவுக்கட்டின் ஓரத்தைத் தடவியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளோடும் பையோடும் எங்கள் வாசலில் நின்றாள்.

ஓராண்டுக்கு மேல் ஆகிறது. என் தம்பி மாறவில்லை. போன மாதம் அவளது காதில் அறைந்ததில் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்கிறாள். நானோ இன்றும் ஞாயிறுதோறும் போய்க் காதலைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்... போனால், அந்த நாவலைப் படித்த யாராவது புதிதாக வட்டத்தில் சேர்ந்துவிடுவார்களோ என்று கடை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் தேவி போய்விடுவாள். அவள் போனால் அம்மா என் தலையில். ஒவ்வொரு முறையும் கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது! நான் எத்தகைய பிறவி?

நேற்று மதியம் இருவருமாக அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தோம். இடது கை முழுதாகத் திரும்பாததால் தேவி முழங்கையால்தான் தாங்குகிறாள். தாங்கியபடியே கேட்டாள்.

"அண்ணி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு... அந்தக் கயல்விழி திரும்பி போனா இல்ல, அப்பறமா அவன் மாறுனானா? புக்குல அத போட்டுகீதா?"

கேளுங்கள்! கதவு அகலத் திறந்துகொண்டது. இல்லை தேவி, அவள் போகவே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்... நான் அம்மாவின் முதுகைப் பார்த்தேன். துடைக்க வேண்டியிருந்தது.

"போட்டுகீது. மாறிட்டான்" என்றேன்.

"எத்தினி நாள்ல அண்ணி?"

"அதெல்லாம் போடல."

தேவி துணியைப் பிழிந்தாள். அவள் முகம் லேசாகத் தெளிந்தது... ஐயோ, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை!

"அப்ப சரி. இன்னும் கொஞ்ச நாளு பாக்கறேன்" என்றாள்.