டச்சிங் படாத எலும்பு

போட்டோ ஸ்டுடியோவில் படங்களைத் தூரிகையால் திருத்தும் ‘டச்சிங்’ வேலை பார்த்த காலத்தில் டச்சிங் அக்காவின் தூரிகைக்குத் தப்பிய பரு கிடையாது. அம்மைத் தழும்பை மறைப்பாள், மாறுகண்ணை நேராக்குவாள், மாப்பிள்ளைக்கு இல்லாத மீசையைக்கூட முளைக்க வைப்பாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்கள் பிறகு என்ன பாடுபட்டார்கள் என்பது அவள் கவலையில்லை. கழுவி எடுத்த படத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், பிரதி எடுக்கும்போது கண்ணாடி நெகடிவ் மேல் முடி ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மை தொட்டு ஒரே இழுப்பில் அடைத்துவிடுவாள். யோசிக்காமல் கை தானாகச் செய்கிற வேலை அது.

எக்ஸ்ரே வந்த புதிது. ஒரு டாக்டர் அதற்கென்றே பத்திரிகை தொடங்கினார். அக்காவின் புருஷன் எழுத்துக் கோக்கும் அச்சகத்தில்தான் அச்சாயிற்று. படங்களைச் சீர்செய்து, அச்சடிக்கும் உலோக பிளாக் எடுக்க அனுப்பும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. பருவும் மீசையும் போய் எலும்பு வந்ததில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

முதல் இதழிலேயே கோட்டை விட்டாள். தடவிப் பார்த்தும் அகப்படாத மயிரிழை முறிவொன்றை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதி டாக்டர் மார்தட்டியிருந்தார். எதிர்ப்பக்கத்துப் படத்தில் முழங்கை எலும்பு ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. முறிவை அக்கா அடைத்துவிட்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டருக்கு எக்ஸ்ரே என்றாலே வேப்பங்காய். டாக்டர்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, “பத்திரிகையில போட்டதுமே எலும்பு கூடிருச்சு. நல்ல வைத்தியம்தான்” என்றாராம். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் பத்திரிகைக்கார டாக்டர் அச்சகத்துக்கு வந்தார். “ஏம்மா, அந்தக் கோட்டை நீங்களா எடுத்தீங்க?”

“முடின்னு நினைச்சுட்டேன் சார்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அடுத்த இதழ்ல அதே படத்தைத் திரும்பப் போடுறேன். அதுலயும் கோடு தெரியலேன்னா பத்திரிகையை நிறுத்திட வேண்டியதுதான். நம்மள எவன் நம்புவான்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

இந்த முறை தூரிகைப் பெட்டியைத் திறக்கவே இல்லை. புதிதாகப் பிரதி எடுத்து அப்படியே பிளாக்குக்கு அனுப்பினாள். சோதனைத் தாள் வந்தது. அதிலும் கோடு இல்லை. பிளாக்கில் படம் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே மயிரிழை கரைந்துபோயிருந்தது.

புருஷன் எட்டிப் பார்த்தார். “வெள்ளை மையால லேசா ஒரு கோடு இழுத்துடேன். இருக்கற முறிவுதானே, பொய்யா என்ன?”

கை துறுதுறுத்தது. அவள் இழுத்தால் படைத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதை நினைத்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது.

“நான் இழுத்தா அது என் கோடுங்க, எலும்போடது இல்ல,” என்றாள். “பிளாக்கே வேண்டாம். ஒவ்வொரு காப்பிக்கும் நிஜப் படத்தையே ஒட்டிடுவோம்.”

“எல்லா காப்பிக்குமா? பைத்தியமா உனக்கு?”

“ஆமா.”

வீட்டு மொட்டைமாடி அமளிதுமளிப்பட்டது. கண்ணாடி பிளேட்டை முடி, தூசி விழாமல் துடைத்து, அதோடு படத்தாளைச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தாள்; பிறகு கழுவிக் கொடியில் காயப்போட்டாள். ஒட்டுவது மாமியாரின் வேலை. “கல்யாணப் படமா இருந்தாலும் ஒரு லட்சணம் இருக்கும். கொடி முழுக்க முழங்கையைத் தொங்கவிட்டா பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பா?” என்று முனகிக்கொண்டே, ஒரு மூலைகூடச் சுருங்காமல் ஒட்டினாள். எல்லாப் படத்திலும் அந்தக் கோடு இருந்தது. படத்துக்குக் கீழே ‘இதில் தூரிகை படவில்லை’ என்று புருஷன் எழுத்துக் கோத்தார்.

அடுத்த கூட்டத்தில் தலைமை டாக்டர் இதழைச் சன்னலோரம் கொண்டுபோனாராம். படத்தின் மேல் ஊதிப் பார்த்தார். கோடு போகவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்போதும் போகவில்லை. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. “முறிவுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்திரிகைக்கார டாக்டர் கூட்டம் முடிந்த கையோடு அச்சகத்துக்கு ஓடிவந்து இதை நடித்தே காட்டினார்.

ஆனால் அக்கா தலைநிமிர்ந்தது அதற்கப்புறம்தான். துணியில் சுற்றிய கண்ணாடி பிளேட்டோடு தலைமை டாக்டரே ஒருநாள் படியேறி வந்தார். “எங்க ஆஸ்பத்திரியிலயும் எக்ஸ்ரே எடுக்க ஆரம்பிச்சுட்டோம். இதையும் உங்க பத்திரிகையில போடணும்.” சற்றுத் தயங்கினார். “கை வைக்காம போடுங்க.”

“வைக்க மாட்டேன் சார்,” என்று விளிம்பைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

அவர் படியிறங்கும் வரை அடக்கிக்கொண்டிருந்தவள், பிறகு அச்சகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். என்னவோ ஏதோ என்று மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“பத்திரிகை நிக்கப்போறதில்லண்ணே,” என்றாள் அக்கா. “நீங்க ஓட்டுங்க.”