இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

என் மகள் முத்துலட்சுமி ஒரு நாள் நாலு மைல் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாள். ஜங்ஷனில் பஸ் ஏறியவளிடம் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். பத்தமடை என்று எங்கள் ஊர்ப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் எழுத்திலேயே திக்கி நின்றுவிட்டாள்.

"ஏ பிள்ள, பாட்டா படிக்கே? சட்டுனு சொல்லு" என்றாராம் கண்டக்டர். பஸ்ஸே சிரித்ததாம். அவள் வாய்க்கு எளிதாக வந்த வேறு ஊரைச் சொல்லி, அங்கேயே இறங்கிவிட்டாள். பின் சீட்டில் இருந்த பக்கத்து வீட்டுப் பார்வதி வந்து சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இது நடந்தது 1994 சித்திரையில். அவளுக்குப் பதினேழு வயது.

அன்றோடு பஸ் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். பஸ் இல்லையென்றால் பள்ளிக்கூடமும் இல்லை. படிப்பு நின்றது. கடைக்குப் போகமாட்டாள். யாராவது வந்தால் அடுப்படிக்குள் ஓடிவிடுவாள். என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் பாதிதான். மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

என் வீட்டுக்காரர் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை வருவார். நான் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவேன். எங்களுக்கு ஊர் எல்லையில் நிற்கும் இசக்கியம்மன்தான் கதி. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போவேன். "தாயே, இவ வாயைத் திற. வெள்ளியில நாக்கு செஞ்சு போடுதேன்" என்று வேண்டினேன். ஒரு வருஷம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தில், கல்லாக நிற்கிறாயே என்று அம்மனையே ஏசியிருக்கிறேன்.

மறு வருஷம் ஆடியில், இளையோருக்குத் தலைமைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு சிலர் ஊருக்கு வந்தார்கள். சனிக்கிழமைதோறும் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் என்றார்கள். காசு வாங்க மாட்டார்களாம், மத்தியானச் சோறும் உண்டாம். எனக்கு அப்போதே சந்தேகம். யார் சும்மா சோறு போடுவார்கள்? கட்சிக்கு ஆள் பிடிக்கிறார்களா, மதம் மாற்றுகிறார்களா, இல்லை மில்லுக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்களா? வாய் பேச முடியாதவளுக்குத் தலைமை எதற்கு?

பார்வதிதான் தன் மகளோடு இவளையும் இழுத்துக்கொண்டு போனாள். "சும்மா உக்காந்துட்டு வரட்டும், மைனி. உன் பிள்ளையை யாரும் கடிச்சித் தின்னுரமாட்டாவ" என்றாள்.

நான் அதோடு விடவில்லை. இரண்டாம் சனிக்கிழமை வேலையைப் போட்டுவிட்டுப் போய், கட்டடத்துக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். பத்திருபது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த செல்வி என்ற பெண் சுவரில் சாய்ந்து சும்மா இருந்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை கூட்டத்தை நடத்த வேண்டுமாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் முடித்துவைக்கக் கூடாது என்று அங்கே ஒரு கட்டளை. என் மகள் பேர் சொல்ல எழுந்தாள். மு, மு என்று நின்றாள். எனக்கு ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பேரைச் சொல்லி முடித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். பிள்ளையை இப்படி நிற்கவைத்துக் கொடுமைப்படுத்துகிறார்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

நாலாவது வாரம் வீட்டில் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல முடித்துவைத்தேன். "நீ மு... முடிக்காதம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளை எதிர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, பாபநாசத்தில் ஐந்து நாள் முகாம், எல்லாரும் வர வேண்டும் என்று சீட்டு வந்தது. முத்து அதை என் முன்னால் வைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

"அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போம். அவ சொன்னபடி நடப்போம்" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலேயே இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சாமியை நம்புகிறவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அந்தச் சாமியையே நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பொங்கல் வைக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பூசாரி அண்ணாச்சி கற்பூரம் காட்டினார். பொங்கல் வைக்க வந்த ஒரு பெண் குனிந்து பொட்டலத்தை எடுக்கப் போனாள்.

"எ... எடுக்காதீங்க" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். முத்து. அந்தப் பயிற்சிக் கட்டடத்தைத் தவிர வேறெங்கும், வெளியாள் முன்னால் அவள் வாய் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ரெ... ரெ..." என்று ஆரம்பித்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். முடித்துவைக்க என்னால் முடியும். முடித்தால் மாட்டிக்கொள்வது நான்தான். வாழ்க்கையில் முதல்முறையாக என் பிள்ளை பேசி முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ரெண்டுலயும் அரளிதான் இருக்கு. வெ... வெள்ளைப் பூ வீட்டுல அம்மி மேல கெடக்கு. அம்மா, நா... நான் போகக் கூடாதுன்னா நீயே சொல்லு. சாமி மேல பழி போடாத."

அவள் அழவில்லை. தலையும் குனியவில்லை. அண்ணாச்சி இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். "ஏ தாயி, இசக்கிகிட்டயே வேலையைக் காட்டுதியா?" என்றார். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முத்துவை அறையக் கை ஓங்கினேன்.

கை பாதியிலேயே நின்றுவிட்டது. இதைத்தானே கேட்டேன்? வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே விழுந்து கிடந்து, இவள் வாயைத் திற என்றுதானே கேட்டேன்? திறந்துவிட்டாள். என் நெஞ்சுக்கு நேராகவே திறந்துவிட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

முத்து முகாமுக்குப் போனாள். வழியனுப்ப நானும் பஸ் நிறுத்தம்வரை போனேன். ஊர் கேட்ட கண்டக்டரை அவள் காத்திருக்க வைத்தாள். பாபநாசம் என்று சொல்லி முடித்துத்தான் டிக்கெட் வாங்கினாள். பிறகு பிளஸ் டூவும் எழுதினாள். இப்போது சேரன்மகாதேவியில் ஒரு டெலிபோன் பூத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திக்கல் இன்னும் போகவில்லை. அவசரப்படுகிறவர்களிடம், "கொ... கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்கிறாள். பொறுக்கிறார்கள்.

அந்தப் பயிற்சிக்காரர்கள் கட்சிக்கும் இழுக்கவில்லை, மில்லுக்கும் கூட்டிப்போகவில்லை. இருந்தாலும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். என்னைப் போல ஜன்னலில் ஒளியாமல் வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள், நாலு கேள்வி கேளுங்கள். இசக்கியிடமும் கேளுங்கள். ஆனால் பொட்டலத்தை நேர்மையாகக் கட்டுங்கள். எந்தப் பூ வந்தாலும் அவளை நம்புங்கள். நாம் கேட்டதை அவள் கொடுப்பாள், ஆனால் நாம் நினைத்த மாதிரி கொடுக்கமாட்டாள்.

வெள்ளி நாக்கைப் போன கோயில் கொடைத் திருவிழாவில் செலுத்திவிட்டேன். இன்னொரு நேர்த்திக்கடனும் இருக்கிறது, அதைத் தினமும் செலுத்துகிறேன். என் மகள் பேச ஆரம்பித்தால், அவள் முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.