கைராசிக்கு எதிராக ஓட்டு

எங்கள் கல்லிச் சந்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டருக்குக் கைராசி. அவர் தொட்டால் காய்ச்சல் இறங்கும் என்று தாராவியில் எங்கள் பக்கத்து ஜனம் மொத்தமும் நம்பியது. அந்த நம்பிக்கையில்தான் அவரைத் தேர்தலில் நிறுத்தி ஆம்தார், அதாவது எம்.எல்.ஏ. ஆக்கினோம். ஜெயித்த மறுவாரம் கிளினிக்கைப் பூட்டிவிட்டார். நல்ல டாக்டரை ஜெயிக்க வைத்தால் டாக்டர் இருக்கமாட்டார் என்பது ஓட்டுப் போடும்வரை ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதிகம் அலைந்து ஓட்டுக் கேட்டவர் என் அப்பா. பை தைக்கிறவர். சர்க்கரை வேறு. மெஷின் மிதிக்கும் வலது காலில் புண் வந்தது. வேறு டாக்டரிடம் காட்டமாட்டேன் என்றார்.

"அவரு கை படாம ஆறாதுட்டி."

ஆம்தார் ஆபீசில் நான் மூன்று முறை மனுக் கொடுத்தேன். புண் எந்த இலாகாவில் வரும் என்று கேட்டார்கள். கால் கறுத்துக்கொண்டே வந்தது. திறப்பு விழா என்றால் அவர் வருவார் என்று தெரிந்ததும், இரண்டு வருஷமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்த கல்லிக் குழாய்க்கு ரிப்பன் கட்டினோம்.

வந்தார். ரிப்பனை வெட்டி, மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். குழாயடியில் ஸ்டூல் போட்டிருந்த அப்பா வேட்டியை விலக்கிக் காலை நீட்டினார். பேச்சு நின்றது. கழுத்து மாலை ஈரத் தரையில் புரள, டாக்டர் குந்தி உட்கார்ந்து புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார்.

"நாளைக்கே ஆஸ்பத்திரில சேரணும் அண்ணாச்சி. தள்ளிப் போட்டா காலே போயிரும்."

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் கல்லி முனையில் ஃபிளெக்ஸ் தொங்கியது: மக்கள் காலடியில் நம் ஆம்தார். படத்தில் அப்பாவின் முகம் இல்லை, கால் மட்டும் பெரிதாக இருந்தது. அதன் கீழேதான் அவரை டாக்ஸியில் ஏற்றினேன். கை பட்டாயிற்று என்று மறுபேச்சில்லாமல் வந்தார். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

அடுத்த தேர்தலில் அப்பா நொண்டிக்கொண்டே வீடு வீடாகப் போய் டாக்டருக்கு எதிராக ஓட்டுக் கேட்டார். டாக்டரும் கும்பிட்டபடி எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தோக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன் டாக்டரே. தோத்தாத்தான கிளினிக்கத் தொறப்பீய."

டாக்டர் பின்னால் நின்ற கட்சிக்காரர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்ப்பவர்போல மெதுவாகச் சொன்னார்:

"நானும்தான் அண்ணாச்சி."

முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். அப்பாவுக்கு இப்போது நான்தான் கட்டு மாற்றுகிறேன். எனக்குக் கைராசி கிடையாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் காலை நீட்டுகிறார்.