இடது சைலன்சர்

என் வீட்டுக்காரருக்கு அறுபத்தாறு வயதில் பைக் பைத்தியம் பிடித்தது. திரும்பப் பிடித்தது என்று சொல்வதுதான் நியாயம். முதல் தடவை பிடித்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்தப் பைத்தியத்தில்தான் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் தகர டப்பா செய்யும் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா, பால்பவுடர் டப்பா என்று ஊரில் யார் எந்த மூடியைத் திறந்தாலும் அது தன் கை வழியாகப் போனதுதான் என்று பெருமை பேசுவார். தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில் வேலை. ஒருமுறை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க உள்ளே போனேன். வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்த பிறகும் பல் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் வேலைக்காலம் முழுவதும் நின்றார். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“பஞ்சு வெச்சா மிஷின் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?” என்பார்.

மிஷின் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்தார். ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது நான் சொல்வதைக் கேட்கக் காது மிச்சமில்லை.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. தடித்த சத்தம் கேட்கும். லாரி போனால் தெரியும், கதவை அறைந்தால் தெரியும். மெல்லிசான சத்தங்கள்தான் போய்விட்டன. குக்கர் விசில், அழைப்பு மணி, பேத்தியின் பேச்சு, என் குரல். காது டாக்டர் கொடுத்த மிஷின் மேஜை டிராயரில் தூங்குகிறது. அதைப் போட்டால் தான் மெல்லுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறதாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு காலத்தில் அவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். நிஜமாகவே ஆன பிறகு அந்தப் பழமொழி பக்கமே நான் போவதில்லை.

கத்திப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘சாப்பிட வாங்க’ என்பதைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினால் அது சண்டைக்கு இழுப்பதாகத்தான் இருக்கும். அதனால் அவசியமானதை மட்டும் கத்துவது என்று ஆகிவிட்டது. மாத்திரை போட்டாச்சா, தண்ணி மோட்டாரை நிறுத்துங்க, மகள் போனில் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதையும் கனவில் என் அப்பா வந்து குடை கேட்டதையும் யார் கத்துவது? அவற்றையெல்லாம் நான் விழுங்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு அமைதி கூடாது. எனக்குப் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை, மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் மூடிக் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வெளியே இழுத்தார். டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. டேங்குக்குள் துரு. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

“காயலான் கடைக்காரர் வராரா?” என்று கத்தினேன்.

“ஓட்டப்போறேன். அந்தச் சத்தம் திரும்ப வரணும்.”

“வந்தா? உங்களுக்குக் கேக்குமா?”

“உனக்குக் கேக்கும்ல” என்றார்.

 உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சத்தம் என்ன சத்தம் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது என் அப்பா கட்டிய வீடு. அவர் காலத்துக்குப் பிறகு குடிவந்தோம். மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் இவர் ஆலை விட்டதும் எங்கள் தெரு வழியாகத்தான் போவார். அவர் வீட்டுக்கு அது வழியே இல்லை. ஹாரன் அடித்தால் அப்பா எட்டிப் பார்த்துவிடுவார், அதனால் அடிக்க மாட்டார். தேவையும் இல்லை. அந்த வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். டம் டம் என்று ஒரு தடித்த சத்தம் வரும். அதற்குள்ளே, கரண்டி டப்பாவை யாரோ மெதுவாக ஆட்டுகிற மாதிரி ஒரு கிலுகிலுப்பு. ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அது கிடையாது. தெருமுனை திரும்புவதற்குள் நான் ஜன்னலில் நிற்பேன், உலர்த்துவதற்குக் கையில் ஒரு துண்டோடு. ஒரே துண்டை ஒரு வருடம் உலர்த்தியிருக்கிறேன்.

அப்பா ஒன்றும் அசடு இல்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டி, போன இடமெல்லாம் நீலப் புகை. “கொசு மருந்து அடிக்கிறவன் தினமும் கரெக்டா வந்துடறான்மா, ஆனா கொசுதான் குறையல” என்பார் அம்மாவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி.

கல்யாணமான பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து நான் பேசாத பேச்சில்லை. அந்த இரைச்சலில் அவருக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது. தலையை மட்டும் ஆட்டுவார். இறங்கிய பிறகு ‘என்ன சொன்னேன், சொல்லுங்க பார்க்கலாம்’ என்றால் திருதிருவென்று விழிப்பார்.

சரி, வண்டிக்கு வருகிறேன். கீழ்த்தள முன்னறை பட்டறையானது. சோபா சுவரோரம் போனது. சோப்புப் பெட்டியில் பிஸ்டன் வளையங்கள். ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால் பேத்தி வந்தால் கொடுக்க வைத்திருந்த ஐஸ்க்ரீமுக்குப் பக்கத்தில் பாலிதீன் பையில் பேரிங். குளிர்ந்தால் அது இம்மி சுருங்குமாம், சூடாக்கிய இடத்தில் வைத்தால் சுத்தியலே இல்லாமல் தானாக உட்காருமாம். எனக்குக் கோபம் வந்தாலும், அது ‘டொக்’கென்று உட்கார்ந்தபோது வேடிக்கை பார்க்கத்தான் செய்தேன்.

பழைய பைக்கைப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு போலிருக்கிறது: இதற்கு முன் அதில் கைவைத்தவனைத் திட்டுவது. ஒரு வாஷர் மாறியிருந்தால் திட்டு, ஒரு திருகின் தலை தேய்ந்திருந்தால் திட்டு. எந்தக் காலத்திலோ ஒரு பட்டறையில் விட்டிருந்தாராம், அந்த மெக்கானிக்கின் ஏழு தலைமுறையும் எங்கள் முன்னறைக்கு வந்து போனது. இடது சைலன்சரைத் திறந்த அன்று உச்சம். உள்ளே இருந்த கரிக்கட்டியை இழுத்து, காரக் கரைசலில் ஊறப்போட்டார். கரி கரைந்ததும் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய தகரக் குழாய் வெளிவந்தது.

“கம்பெனிக் குழாய எடுத்துட்டு, தகரத்தைச் சுருட்டிச் சொருகியிருக்கான் பாரு! எந்த மடையன் செஞ்ச வேலை இது? இவனெல்லாம் கையில ஸ்பேனர் பிடிக்கலாமா?”

தூக்கிக் குப்பையில் எறிந்தார். நன்றாகக் கழுவி நான் எடுத்துக்கொண்டேன். ரோஜாத் தொட்டியில் நட்டு அதற்குள் தண்ணீர் ஊற்றினால் ஓட்டை வழியாக வேருக்குப் போகும். சாய்கிற செடிக்கு ஊன்றுகோலும் ஆச்சு.

சைலன்சருக்கு முறையான உள்குழாயை அவருடைய நண்பர் ஒரு வெல்டர் செய்துகொடுத்தார். அவரை எல்லோரும் ‘பொறி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பொறி டீ குடித்துக்கொண்டே, “அண்ணி, இந்த வண்டி ஓடுதோ இல்லையோ, அண்ணன் ஓட ஆரம்பிச்சிட்டாரு” என்றார். உண்மைதான்.

பழையதை அப்படியே வைத்தார் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கால பிளாட்டினப் பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டார், காலால் ஒரு உதை போதும் என்று. பின்சீட்டை அகலமாக்கினார். உடைந்த சாப்பாட்டு நாற்காலியின் முதுகை அறுத்து அதன் பின்னால் பொருத்தினார். கால் வைக்கும் கட்டையைத் தாழ்த்தினார், என் முழங்கால் அவ்வளவு மடங்காது என்று. நான் கேட்கவே இல்லை. இதையெல்லாம் எப்போது கவனித்தார் என்பதும் எனக்குத் தெரியாது.

மகள் போனில், “அம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்து கை காலை உடைச்சுக்காதீங்க. அப்பாகிட்ட சொல்லி வித்துடச் சொல்லு” என்றாள். அதை நான் அவரிடம் கத்தவில்லை.

வண்டி கிளம்பிய நாள் தெருவே புகையில் மறைந்தது. அவர் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார்.

“அதேதானே?”

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் அவர் என் காதை நம்பித்தான் இத்தனையும் செய்திருந்தார். அதில் போய்ப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

“இல்ல.”

“எனக்கு அதே மாதிரிதான் கேக்குது.”

“உங்களுக்கு லாரியும் அதே மாதிரிதான் கேக்கும்!”

என் வாய்க்கு எப்போதும் பூட்டில்லை. அவர் வண்டியை அணைத்துவிட்டார்.

ஆனால் மறுநாள் காலையிலேயே என் முன்னால் வந்து உட்கார்ந்தார். எது குறைகிறது, சொல் என்றார். கிலுகிலுப்பு என்றேன். புரியவில்லை. கடைசியில் கரண்டி டப்பாவை அவர் தாடையில் அழுத்தி வைத்து மெதுவாக ஆட்டினேன். எலும்பு வழியாக எட்டியிருக்க வேண்டும், கண் விரிந்தது. அதன் பிறகு செயின் மூடியைத் தளர்த்துவார், நம்பர் பிளேட்டைத் தளர்த்துவார், மட்கார்டைத் தளர்த்துவார், ஒவ்வொன்றுக்கும் வண்டியைக் கிளப்பிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். கையாலும் கண்ணாலும் டப்பாவாலும் நாங்கள் அவ்வளவு பேசி வருடக்கணக்காகியிருந்தது. அந்த நாட்கள் நீளட்டும் என்றுகூட எனக்கு ஆசை வந்தது.

நீளவில்லை. தளர்த்த இனி எதுவும் இல்லை என்று ஆனபோது தார்ப்பாயை எடுத்து வண்டி மேல் போட்டார்.

“போதும், விடு. கேக்காத காதுக்கு எதுக்கு இந்த வண்டி” என்று சொல்லிவிட்டுப் பின்வாசலில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பொய்யே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அன்று முழுவதும் என்னையே நொந்துகொண்டேன்.

மறுநாள் பார்த்தால் ரோஜாச் செடி தலைகுப்புறச் சாய்ந்து கிடக்கிறது. ஊன்றியிருந்த குழாயைக் காணோம். “செடியையாவது வாழவிடுங்களேன்!” என்று முன்னறையைப் பார்த்துக் கத்தினேன். பதில் இல்லை. இவருக்குக் காது கேட்காததில் பாதி நிஜம், பாதி வசதி.

அன்று மாலை மாடியில் அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல சட்டை, மகள் வாங்கித் தந்தது. மனது எங்கோ இருந்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எழுந்தது, நடந்தது, திரையை விலக்கியது எதுவும் ஞாபகம் இல்லை. ஒரு கை தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் என் புத்திக்கு எட்டியது. டம் டம், அதற்குள்ளே கிலுகிலுவென்று. தெருமுனையில் நீலப் புகை திரும்பியது. கண் நிறைந்துவிட்டது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஜன்னலுக்குக் கீழே வந்து நிறுத்தினார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய திருட்டுச் சிரிப்பு இருந்தது. நான் கீழே ஓடினேன், முழங்காலையெல்லாம் மறந்து.

“எப்படி?” என்று கையை விரித்தேன்.

“நீ தொட்டியில நட்டியே, அந்தக் குழாய். நேத்து உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தேன். தகரத்தோட மடிப்பு இடப்பக்கமாப் போயிருக்கு. ஊர்ல எல்லாரும் வலப்பக்கம் மடிப்பாங்க. இடப்பக்கம் மடிக்கிற மடையன் எங்க ஆலையில ஒருத்தன்தான்.” இடது கையைத் தூக்கிக் காட்டினார். இவர் இடது கைக்காரர். “வாங்கின புதுசுல உள்குழாய் தொலைஞ்சுபோச்சு. ஆலையில கழிச்சுப்போட்ட பிஸ்கட் டப்பாத் தகட்டை நானே சுருட்டிச் சொருகியிருக்கேன். கொஞ்சம் லூசு, அதான் ஆடியிருக்கு. சுத்தமா மறந்துட்டேன்.”

இத்தனை நாளும் அவர் கொட்டிய திட்டெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்து எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பொறி செய்த அழகான குழாய் முன்னறை மூலையில் கிடந்தது. பிறகு சட்டென்று ஒன்று தோன்றியது.

“சத்தம் சரியா இருக்கான்னு என்னைக் கேக்கவே இல்லையே?”

“நீதான் ஜன்னலுக்கு வந்துட்டியே” என்றார்.

மூக்கை உறிஞ்சினார். “என்னமோ கருகுது” என்றார். மாடியில் இஸ்திரிப்பெட்டி சட்டை மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்தபோது முதுகுப்பக்கம் முழு இஸ்திரிப்பெட்டியின் அச்சு விழுந்திருந்தது. பரவாயில்லை, வெளியே போகும்போது போட்டுக்கொள்ள வேறு சட்டை இருக்கிறது என்றேன். அவர் கேட்காமல் அதையே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் நாற்காலி முதுகில் சாய்ந்து, தாழ்த்திய கட்டையில் கால் வைத்து உட்கார்ந்தேன். வண்டி ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அதில் அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. கருகிய சட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னேன். மூன்று குட்டி, ஒன்று வெள்ளை. அப்பா கனவில் வந்து குடை கேட்டதைச் சொன்னேன். வீட்டில் அந்த அமைதி எவ்வளவு பயமாக இருந்தது என்பதையும் சொன்னேன். எதையும் கத்தவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார்.