நித்தியகல்யாணிக் கஷாயம்

என் சமையலறை அலமாரியில் பச்சை நிற பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் இன்றும் என் மகள் நினைவுதான் வரும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கூடவே வார்டு மிஸ்ஸியின் முகமும் வந்துவிடும். அந்த நாளில் சிங்கப்பூரில் தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

அறுபதுகளின் நடுவில் என் ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். புதிதாக வந்த ஓர் ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரர். என்னைத் தேற்றுவதற்காக, அந்த மருந்தை நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்று சொன்னார். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசலில் அது தானாக மண்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் இனிப்புநீர் வியாதிக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். ஊசியில் போவது கொஞ்சம்தானே, இலையையும் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமே என்று என் அவசரபுத்தி கணக்குப் போட்டது. கஷாயத்தைப் பார்லித் தண்ணீரில் கலந்து பிளாஸ்கில் கொண்டுபோனேன். "கசக்குதும்மா" என்றாள். "குடிச்சிடு கண்ணு, நல்லது" என்றேன். நான்கு நாள் குடித்தாள்.

ஐந்தாம் நாள் அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கிவிட்டன, ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டர் மிஸ்ஸியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஊசியா, என் கஷாயமா என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. அதை விட்டால் வேறு வழியில்லை என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் பக்கத்திலேயே விடமாட்டார்கள், அவள் அப்பாவும் என்னை மன்னிக்கமாட்டார். பெற்ற பிள்ளை அப்படிக் கிடக்கும்போது வாயைத் திறக்காமல் நின்றேன். அவ்வளவு கோழை நான்.

மிஸ்ஸி கட்டிலோரம் இருந்த பிளாஸ்கைத் திறந்து முகர்ந்தார். "பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்? பயப்படாதேங்கோ, சொல்லுங்கோ." அழுதுகொண்டே சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது. "அதில நஞ்சும் இருக்கெண்டு நான் சொல்லியிருக்க வேணும். என்ர பிழை" என்றார். என் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார்.

ஒரு வாரம் பொறுத்து ஊசியைத் தொடர்ந்தார்கள். மருந்து வேலை செய்தது. இரண்டு தீபாவளி எங்களோடு இருந்தாள், மூன்றாவதற்கு இல்லை. அந்த நான்கு நாள் அவள் ஆயுளில் எதையாவது பிடுங்கிக்கொண்டதா என்று மிஸ்ஸியைக் கேட்டேன். "தெரியேல்லை" என்று மட்டும் சொன்னார். அந்தப் பயம் இன்றுவரை என்னை விடவில்லை.

பிளாஸ்க் இப்போதும் சூடு தாங்கும். ஆனாலும் அதிலிருந்து நான் யாருக்கும் எதுவும் ஊற்றிக் கொடுப்பதில்லை. அவள் இருந்த அந்த இரண்டு வருஷமும் நான் அதைத் திறக்கும்போதெல்லாம், "வெறும் பார்லிதானேம்மா?" என்று கேட்பாள். நான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுவேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் விழுங்கிய பிறகுதான் கையை நீட்டுவாள்.