ராஜபாளையத்துக்கு இருபது நிமிடம் பிந்தி வந்த பால்வீதி

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ராஜபாளையம் போய்வந்தேன். அய்யனார் அருவிக்கா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் நான் போனது ஒருவரோடு சண்டை போட.

விஷயம் இதுதான். ஓய்வு நேரத்தில் வானியலுக்கான சின்னச் சின்ன நிரல்கள் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறேன். எந்த நேரத்தில் வானத்தின் எந்தப் பகுதி உங்கள் தலைக்கு மேல் வரும், ஒரு வாயு மேகம் நம்மை விட்டு என்ன வேகத்தில் விலகுகிறது, அதில் பூமி ஓடும் வேகத்தை எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற கணக்குகள். பத்து வருடமாக ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஜனவரியில் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தோணிராஜ். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறார். எண்ணெய் டின்னையும் தகரத்தையும் வைத்து மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா கட்டியிருக்கிறார். பால்வீதியில் உள்ள ஹைட்ரஜன் வாயுவிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலையை அது பிடிக்கும். "உங்கள் மென்பொருள் சொல்லும் நேரத்துக்கு என் பால்வீதி வருவதில்லை. தினமும் இருபது நிமிடம் பிந்துகிறது. தவறு என்னுடையது என்றால் திங்கட்கிழமை ஆன்டெனாவைக் கழற்றிவிடுவார்கள். யாருடையது என்று தெரிந்தால் நல்லது" என்று எழுதியிருந்தார். தேதி போட்டு, நேரம் போட்டு, இரண்டு மாதக் குறிப்புகளை இணைத்திருந்தார். நான் சோம்பலில் மூன்று வாரம் பதில் போடவில்லை. அதற்குள் அந்தத் திங்கட்கிழமை ஒரு மாதம் தள்ளிப்போய், மறுபடி நெருங்கிவந்தது. ஒரு வியாழன் இரவு எழும்பூரில் ரயில் ஏறினேன். படுக்கை வசதிக்கு 395 ரூபாய்.

ராஜபாளையத்துக்கு டிக்கெட் வைத்துக்கொண்டு ஒரு நிறுத்தம் முன்னதாகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். காலை ஆறு மணி. மேற்கே மலை முழுக்கப் பனிக்குள் இருந்தது. கோபுரத்தின் உச்சியில் மட்டும் வெயில் பட்டு, கீழே தெரு இன்னும் நீல நிறத்தில் கிடந்தது. கடைகளில் பால்கோவாவுக்குப் பால் காய்கிற மணம். சூடாக நூறு கிராம் 40 ரூபாய்க்கு வாங்கி, நின்றபடியே தின்றேன். தூக்கம் முழுதாகக் கலையாத நேரத்தில் தின்றால்தான் அதன் ருசி தெரியும் என்பது என் கட்சி.

அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் 15 ரூபாய், முப்பது நிமிடம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வீண் கணக்குப் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரின் தலைக்கு மேல் வந்த நட்சத்திரம் ராஜபாளையத்தின் தலைக்கு மேல் வர ஏறத்தாழ இருபது விநாடி போதும். நட்சத்திரம் நகரவில்லை, நாம்தான் சுற்றுகிறோம். பேருந்துக்கு வெளியே தென்னைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எது நகர்கிறது என்று தெரியாத அந்த மயக்கம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஆட்டோ 60 ரூபாய். எதற்கு வந்தேன் என்று டிரைவர் கேட்டார். சொன்னேன்.

"மேல என்ன இருக்குன்னு பாக்கவா இம்புட்டு தூரம் வந்திய? அது மெட்ராஸ்லயும் இருக்கும்ல?"

சிரித்துவிட்டு இறங்கினேன்.

அந்தோணிராஜ் வாசலிலேயே நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. மாடியில் அவர் கட்டிய ஆன்டெனாவைப் பார்த்ததும் நான் கொண்டுவந்த சண்டையில் பாதி போய்விட்டது. ஒரு பெரிய தகரப் புனல். அடியில் எண்ணெய் டின். வாய் நேராக வானத்தைப் பார்த்திருந்தது. பக்கத்து மில்களின் இரைச்சல் தரையோடு தரையாகக் கேட்டது.

"ஹெச்.ஓ.டி சார் சொல்லுதாவ, புனல் அஞ்சு டிகிரி மேக்க சாஞ்சிருக்காம். அதான் லேட்டா வருதாம்" என்றார். "மாடியில சோலார் போடணும், தப்பா காட்டுற சாமானுக்கு இடம் இல்லங்காவ. நேரத்த இருபது நிமிசம் முன்னாடி திருத்தி எழுதிக் குடுத்தா விட்டுருதேன்னும் சொன்னாவ."

"எழுதியிருக்கலாமே?"

"நேத்து எனக்குக் கேட்டது பத்து பதினொண்ணுக்கு மேடம். ஒன்பது அம்பத்தொண்ணுன்னு எப்படி எழுத?"

நானும் அப்போது ஹெச்.ஓ.டி. கட்சிதான். புனல் ஐந்து டிகிரி மேற்கே சாய்ந்திருந்தால் பால்வீதி சரியாக இருபது நிமிடம் பிந்தித்தான் வரும். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. கைப்பிடிச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கேட்டு வாங்கினேன். மனசுக்குள் அந்தோணிராஜ் செய்தது தப்பாக இருக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

குண்டின் நூலும் புனலின் நடுக்கோடும் இம்மி பிசகாமல் ஒன்றாக நின்றன. நான்கு பக்கமும் பார்த்தேன். புனலின் வாயில் வைத்த ரசமட்டத்தில் குமிழ் நடுவை விட்டு அசையவில்லை.

"செத்த நேரம் உக்காருங்க, வந்துரும்" என்றார் அந்தோணிராஜ், வீட்டுக்கு வரும் விருந்தாளியைச் சொல்வது போல.

ஒன்பதே காலுக்கு, ஆன்டெனாவோடு இணைத்திருந்த மடிக்கணினித் திரையில் சிக்னல் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. நல்ல வெயில். வானத்தில் ஒரு காகம் தவிர எதுவும் இல்லை. ஆனால் எங்கள் தலைக்கு மேல் பால்வீதி கடந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாமல், பட்டப்பகலில். மில்லுக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதன் அடியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வாயு நம்மைவிட்டு விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது. நாம் உட்கார்ந்திருக்கும் மாடியும் சும்மா இல்லை, சூரியனைச் சுற்றி விநாடிக்கு முப்பது கிலோமீட்டர் போகிறது. நிழலில் காலை நீட்டிக்கொண்டு இதை யோசித்தபோது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. இப்படி ஒரு சந்தோஷம் பல வருடமாக எனக்கு இந்த வேலையில் வந்ததில்லை.

ஏறிய கோடு பிறகு இறங்கியது. பதினொரு மணிக்கு இரண்டு பக்கமும் அளந்து நடுவை எடுத்தோம். பத்து ஏழு; நட்சத்திரங்கள் தினமும் முந்துகிற கணக்குப்படி நேற்றைவிட நான்கு நிமிடம் முன்னால். என் நிரல் சொன்னது ஒன்பது நாற்பத்தேழு.

அப்போதுதான் என் நிரலைத் திறந்தேன். ஊர் என்ற இடத்தில் அவர் ஒழுங்காக 'ராஜபாளையம்' என்று கொடுத்திருந்தார். என் பட்டியலில் ராஜபாளையம் இல்லை. மதுரை இருந்தது, சென்னை இருந்தது. தெரியாத ஊர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வருடத்துக்கு முன் நானே இரண்டு வரி எழுதியிருந்தேன். எதுவும் சொல்லாமல் தீர்க்கரேகை 82.5 என்று எடுத்துக்கொள். நம் நாட்டுக் கடிகாரமெல்லாம் ஓடுவது வடக்கே அலகாபாத் பக்கம் போகும் அந்தக் கோட்டை வைத்துத்தான். ராஜபாளையம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறது. ஐந்து டிகிரிக்கு இருபது நிமிடம். பக்கத்தில் குறிப்பு வேறு எழுதிவைத்திருந்தேன்: 'இந்தியாவுக்கு இது போதும்.'

சாய்ந்திருந்தது நான்தான். அந்தோணிராஜ் திரையை ஒருமுறை படித்தார்.

"அப்ப நம்ம ஊர் இதுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்ல மேடம். நான் ரெண்டு மாசமா புனலக் கழத்திக் கழத்தி மாட்டுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் சுருக்கென்று தைத்தது. நான் நேராகக் கீழே ஹெச்.ஓ.டி. அறைக்குப் போய், தவறு என்னுடையது, ஆன்டெனா சரி, குறிப்புகள் ஒவ்வொன்றும் சரி என்று சொன்னேன். சொன்னதை எழுதியும் கேட்டார், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சோலார் தகடுகளைத் தெற்கு ஓரத்துக்குத் தள்ளச் சொல்லிக் கைப்பேசியில் யாரிடமோ பேசினார். அந்தோணிராஜ் அறை வாசலில் நின்று அம்புட்டையும் கேட்டுவிட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் திருப்பிக் கொடுக்க மாடி ஏறினார். படியில் அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரி நல்ல மாதம், மதியம் தவிர வெயில் கடிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் இறங்குங்கள், ராஜபாளையத்தில் மாலையில் மலை அடிவாரம் வரை நடங்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும் என்பதால் எந்த நிரல் சொல்வதைவிடவும் சீக்கிரமே இருட்டும். தங்கும் அறை எனக்கு 900 ரூபாய், சுத்தமாக இருந்தது. திரும்ப சனிக்கிழமை இரவு ரயில். ரயில் நேரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்கிற நேரத்தை நம்பினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

வானியல் நிரல் எதைப் பயன்படுத்தினாலும் உங்கள் ஊரின் தீர்க்கரேகையை எண்ணாகவே கொடுங்கள். என்னுடையதில் ராஜபாளையத்தைச் சேர்த்து, அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டேன். ஊர் தெரியவில்லை என்றால் இனி அது நின்றுவிடும். முன்பு நிற்காமல் ஓடியது, இப்போது தொல்லையாக இருக்கிறது என்று நான்கைந்து பேர் புகார் எழுதியிருக்கிறார்கள்.

அந்தோணிராஜும் போன வாரம் எழுதியிருந்தார். "மேடம், ராஜபாளையம் சரியா வருது. நேத்து எங்க வீட்டுக்காரி ஊர் கான்சாபுரத்தைப் போட்டுப் பாத்தேன். தெரியாதுன்னு சொல்லிருச்சு. ரொம்ப சந்தோசம்."